கைக்கு எட்டும் திருகு

(நூலக வாசகர் வட்டக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் "அன்றாட வாழ்வில் இயந்திர அறிவு" என்று போட்டிருக்கிறார்கள். தலைப்பு என் உயரத்துக்குக் கொஞ்சம் பெரிதுதான். கூட்டத்துக்கு முன்பே கேள்விச் சீட்டு எழுதிப் போடச் சொல்லியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் மூன்றே வகை. வண்டி மைலேஜ் தரமாட்டேன் என்கிறது. மேல்மாடியில் ராத்திரி படுக்க முடியவில்லை. என்ன செய்தும் உடம்பு குறையவில்லை. ஒரே ஆள்தான் எல்லாவற்றையும் எழுதிப் போட்டாரோ என்றுகூட நினைத்தேன். கையெழுத்து வேறு வேறாகத்தான் இருக்கிறது.

நான் தொழிற்பயிற்சி நிலையத்தில் மோட்டார் மெக்கானிக் பிரிவில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன். டாக்டரும் இல்லை, கட்டட இன்ஜினியரும் இல்லை. ஆனாலும் இந்த மூன்று வகைச் சீட்டுகளும் கேட்பது ஒன்றைத்தான்: சூடு எங்கிருந்து வருகிறது, எந்த வழியாகப் போகிறது? அந்தக் கேள்வியோடு எனக்கு நெடுநாள் பழக்கம் உண்டு. இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். மூன்று இடத்திலும் நாம் முதலில் கை வைப்பது தப்பு இருக்கும் இடத்தில் அல்ல, கைக்கு எட்டும் இடத்தில்.

வண்டியிலிருந்து ஆரம்பிக்கிறேன். பின்வரிசையில் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தம்பிகள் அதற்காகத்தான் வந்திருக்கிறார்கள்.

2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்த பிறகு புது வண்டிகளில் பெரும்பாலும் கார்புரேட்டர் கிடையாது. பெட்ரோலை ஊசி மாதிரி பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன்தான். ஆனால் அதற்கு முன் விற்ற வண்டிகள் நம் தெருக்களில் இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மறைமலை நகரில் யூகால் நிறுவனம் ஜப்பானின் மிக்குனியோடு கூட்டுச் சேர்ந்து செய்த கார்புரேட்டர்கள் எத்தனை வீட்டு வாசலில் நிற்கின்றன என்று எண்ணி முடியாது. அதனால் கார்புரேட்டரைப் பற்றிப் பேசுவது பழங்கதை பேசுவது ஆகாது.

கார்புரேட்டர் செய்யும் வேலை ஒன்றுதான். இன்ஜின் காற்றை உறிஞ்சுகிறது. அந்தக் காற்று ஒரு குறுகலான வழியே விரைந்து போகும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. அடியில் இருக்கும் மிதவைக் கிண்ணத்திலிருந்து பெட்ரோல் சின்னத் துளை வழியே மேலே ஏறித் தூவலாகக் கலக்கிறது. ஒரு கிராம் பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோல் அதைவிடக் கூடினால் மெக்கானிக் "ரிச்" என்பார். குறைந்தால் "லீன்" என்பார். பட்டறைப் பையனுக்கும் இந்த இரண்டு சொல் தெரியும்.

பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. கார்புரேட்டருக்குள் பெட்ரோல் போக ஒரே பாதை இல்லை. வண்டி சிக்னலில் நிற்கும்போது பெட்ரோல் வருவது பைலட் ஜெட் வழியாக. ஸ்லோ ஜெட் என்றும் சொல்வார்கள். ஆக்ஸிலேட்டரைக் கால்வாசிக்கு மேல் முறுக்கி நாற்பது, ஐம்பதில் போகும்போது அளவைத் தீர்மானிப்பது நடுவில் தொங்கும் நீளமான ஊசி. முழுக்க முறுக்கினால் மெயின் ஜெட். ஒவ்வொன்றுக்கும் அதனதன் எல்லை இருக்கிறது. எல்லைகள் கொஞ்சம் ஒன்றின்மேல் ஒன்று ஏறியும் இருக்கும். இப்போது யோசித்துப் பாருங்கள்: "மைலேஜ் செட்டிங் பண்ணித் தாங்க" என்று வண்டியைக் கொண்டு நிறுத்தினால் மெக்கானிக் என்ன செய்கிறார்? ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வெளியே தெரியும் ஒரு சின்னத் திருகைத் திருப்புகிறார். அந்தத் திருகு பைலட் பாதையைச் சேர்ந்தது. வண்டி நிற்கும்போதும் ஊரும்போதும்தான் அதற்கு அதிகாரம். நீங்கள் வேலைக்குப் போகிற இருபது கிலோமீட்டரில் பெட்ரோலைக் குடிப்பது ஊசி. அதைத் தொட வேண்டுமானால் கார்புரேட்டரின் தலையைக் கழற்ற வேண்டும். அதனால் அதை யாரும் தொடுவதில்லை. திருகு வெளியே இருக்கிறது, கைக்கு எட்டுகிறது, திருப்பினால் சத்தம் மாறுகிறது. வேலை நடந்ததாக இரண்டு பேருக்கும் திருப்தி.

அந்தத் திருப்திக்குக் கொடுக்கிற விலை என்ன? லீனாக வைத்த வண்டி காலையில் சோக்குப் போட்டால்தான் பிடிக்கும். சிக்னலில் திடீரென முறுக்கினால் ஒரு கணம் மூச்சு வாங்கும். ஆக்ஸிலேட்டரை விட்டதும் சைலன்ஸரில் பட் பட் என்று வெடிக்கும். ஊசியையும் சேர்த்து லீனாக்கிவிட்டால் இன்ஜின் கூடுதலாகச் சூடாகும். நாளடைவில் எக்ஸாஸ்ட் வால்வு தீயும். மாதம் ஐம்பது ரூபாய் பெட்ரோல் மிச்சம் பிடிக்கப் போய் இன்ஜின் ஹெட்டை இறக்கின கதை எந்தப் பட்டறையிலும் கேட்கலாம்.

அப்படியானால் எங்கே தொடங்குவது? டயரில். சிரிக்காதீர்கள். காற்றுக் குறைந்த டயரும், பிடித்துக்கொண்டே ஓடும் பின் பிரேக்கும், இறுகிக் காய்ந்த செயினும் தின்கிற பெட்ரோலை எந்தத் திருகும் திருப்பித் தராது. வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் போட்டு நியூட்ரலில் பின் சக்கரத்தைக் கையால் சுற்றிவிடுங்கள். தானாகக் கொஞ்சம் ஓடி நிற்க வேண்டும். கையை எடுத்ததும் நின்றால் மைலேஜ் போகிற இடம் அதுதான். அடுத்தது ஏர் ஃபில்டர். அடைத்துக்கொண்ட ஃபில்டர் காற்றைத் தடுக்கும். கலவை ரிச் ஆகும். அப்புறம் பிளக், டேப்பெட் இடைவெளி. கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே ஒரு ரப்பர் இணைப்பு இருக்கும். பழைய வண்டியில் அது வெடித்திருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போகும். அந்த வெடிப்பை வைத்துக்கொண்டு திருகைத் திருப்புவது வீண் வேலை. இவ்வளவும் சரியாக இருந்தால் மட்டும் திருகுக்கு வாருங்கள்.

வந்தால் செய்முறை இப்படி. வண்டியைப் பத்து நிமிஷம் ஓட்டி நன்றாகச் சூடாக்கிக்கொள்ளுங்கள். குளிர்ந்த இன்ஜினில் வைத்த செட்டிங் சூட்டில் நிற்காது. எதையும் திருப்பும் முன், திருகை மெதுவாக உள்ளே இறக்கி எத்தனை சுற்றில் முட்டுகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். சாதாரணமாக ஒன்றரையிலிருந்து இரண்டரைச் சுற்றுக்குள் இருக்கும். முட்டினதும் நிறுத்திவிட வேண்டும். இறுக்கினால் அதன் கூர் முனை கெட்டுவிடும். பிறகு பழைய இடத்துக்கே கொண்டு வந்து, ஐட்லிங்கில் ஓடவிட்டு, கால் கால் சுற்றாகத் திருப்புங்கள். ஒவ்வொரு திருப்பலுக்கும் பின் கொஞ்சம் பொறுக்க வேண்டும். இன்ஜின் உடனே பதில் சொல்லாது. எந்த இடத்தில் வேகம் அதிகமாகவும் சீராகவும் இருக்கிறதோ அங்கே விட்டுவிட்டு, ஐட்லிங் திருகால் வேகத்தை இறக்கிக்கொள்ளுங்கள். 100 சிசி வண்டிகள் பலவற்றுக்கு 1400 சுற்று என்று கையேட்டிலேயே இருக்கும். இதையெல்லாம் திறந்த இடத்தில் செய்யுங்கள். பூட்டிய போர்ட்டிகோவிலோ படிக்கட்டு அடியிலோ இன்ஜினை ஓடவிட்டுக்கொண்டு குனிந்து உட்காராதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு மணம் கிடையாது.

எந்தப் பக்கம் திருப்பினால் என்ன ஆகும் என்பதிலும் ஒரு கண்ணி உண்டு. திருகு ஏர் ஃபில்டர் பக்கமாக இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துவது; உள்ளே இறக்கினால் ரிச். இன்ஜின் பக்கமாக இருந்தால் கலவையைக் கட்டுப்படுத்துவது. உள்ளே இறக்கினால் லீன். இரண்டும் நேர் எதிர். பழைய டூ ஸ்ட்ரோக் வண்டியில் கை பழகினவர் ஃபோர் ஸ்ட்ரோக்கில் தடுமாறுவது இங்கேதான்.

பிளக்கைக் கழற்றி நிறம் பார்ப்பது நல்ல பழக்கம். பிஸ்கட் நிறம் என்றால் சரி. கரி படிந்திருந்தால் ரிச். வெளிறிச் சுண்ணாம்பாக இருந்தால் லீன். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் கார்புரேட்டரை விட்டுவிட்டுப் பிஸ்டன் ரிங்கைப் பாருங்கள். ஆனால் வாசலில் பத்து நிமிஷம் ஐட்லிங்கில் நின்ற வண்டியின் பிளக் பொய் சொல்லும். ஓட்டின சூட்டோடு கழற்றின பிளக்தான் சாட்சி.

ஊட்டிக்கு வண்டியில் போகிறவர்கள் ஒரு சீட்டு எழுதியிருக்கிறார்கள்: குன்னூர் தாண்டியதும் வண்டி இழுக்கவில்லை, என்ன செய்யலாம்? ஒன்றும் செய்ய வேண்டாம். 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோல் அந்த அளவுக்குக் குறைவதில்லை. அதனால் கலவை ரிச் ஆகிறது. அங்கே போய்த் திருகைத் திருப்பிவிட்டு மறுநாள் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கினால் லீன் ஆகிவிடும். அங்கேயே குடியிருக்கப் போனால் மட்டும் மெயின் ஜெட்டை ஒரு நம்பர் சின்னதாக மாற்றலாம். ஜெட் என்றதும் இன்னொன்று: ஸ்லோ ஜெட் துளை அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. அடைத்துக்கொண்டால் கம்பி விட்டுக் குத்தாதீர்கள். துளை பெரிதாகிவிட்டால் அது வேறு ஜெட். கிளீனர் தெளித்துக் காற்று அடித்தால் போதும். மாதக்கணக்கில் நிறுத்தப் போகிற வண்டியானால் கிண்ணத்தின் அடித் திருகைத் திறந்து பெட்ரோலை வடித்துவிடுங்கள். பிசினாகப் படிந்து அந்தத் துளையை அடைப்பது அந்தப் பழைய பெட்ரோல்தான்.

இப்போது எல்லோரும் கேட்கும் இ20 பெட்ரோல். நூறில் இருபது பங்கு எத்தனால். லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் எத்தனாலின் வெப்ப ஆற்றல் பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். ஆகவே இ20 ஒரு லிட்டரில் சுத்தப் பெட்ரோலைவிட ஏறக்குறைய ஏழு சதவீதம் ஆற்றல் குறைவு. அறுபது கொடுத்த வண்டி ஐம்பத்தாறு கொடுத்தால் அது கணக்குப்படி நடப்பது. அதோடு எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருக்கிறது. பழைய ஜெட்டோடு ஓடும் கார்புரேட்டர் வண்டி இ20 ஊற்றினதுமே கொஞ்சம் லீன் ஆகிவிடுகிறது. போன நாலு கிலோமீட்டரைப் பிடிக்கிறேன் என்று திருகை மேலும் லீனாக வைத்தால் இரட்டை லீன். இழப்பு டேங்கில் இருக்கிறது. திருகில் தேடினால் கிடைக்காது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் சைலன்ஸர் குழாயில் ஆக்ஸிஜன் சென்ஸர் இருப்பதால் அது தானே சரிக்கட்டிக்கொள்ளும். ஆற்றல் குறைவை அதுவும் ஈடுகட்ட முடியாது.

மைலேஜை அளப்பதும் முள்ளைப் பார்த்து அல்ல. டேங்க்கை வாய் மட்டும் நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு, ஓட்டிவிட்டு, அதே பெட்ரோல் பங்க்கில் திரும்ப அதே மட்டத்துக்கு நிரப்புங்கள். எத்தனை லிட்டர் பிடித்ததோ அதால் வகுங்கள். ஒரு டேங்க்கை நம்பாமல் இரண்டு மூன்று டேங்க் பாருங்கள். இந்த முறையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சமையலறைக்கு வரும்போது திரும்ப வேண்டும்.

சமையலறைக்கே வந்துவிட்டேன். ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் ஆற்றல் சுமார் 7,700 முதல் 8,000 கிலோகலோரி. நம் உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பு ஒரு கிலோவில் இருப்பது சுமார் 7,700. சமையல் எண்ணெய் ஒரு லிட்டரில் எட்டாயிரத்துக்குக் கொஞ்சம் மேலே. மூன்றும் ஏறக்குறைய ஒன்று. இடுப்பில் பத்துக் கிலோ கூடுதலாகச் சுமப்பவர் ஒரு மோட்டார் சைக்கிள் டேங்க் நிறையப் பெட்ரோலைச் சுமந்துகொண்டு நடக்கிறார்.

சரி, அந்தப் பெட்ரோல் எத்தனை கிலோமீட்டர் ஓடும்? எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் சமதரையில் ஒரு கிலோமீட்டர் நடந்தால் ஐம்பது கிலோகலோரி அளவில் செலவாகும். ஒரு கிலோ கொழுப்பு கரைய நூற்றைம்பது கிலோமீட்டர் நடக்க வேண்டும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி போய்ச் சேரலாம். லிட்டருக்கு நூற்றைம்பது கொடுக்கும் வண்டியை நம் தெருவில் பார்க்க முடியாது. இறைவனோ இயற்கையோ, உங்கள் விருப்பம்போல் வைத்துக்கொள்ளுங்கள், நமக்குக் கொடுத்திருக்கிறது. பஞ்சத்தில் பிழைத்த இனம் அல்லவா! மைலேஜ் இவ்வளவு நன்றாக இருப்பதுதான் நம் பிரச்சினை.

நடைதான் இங்கே வெளியே தெரிகிற திருகு. பூங்காவில் நாலு சுற்று நடந்துவிட்டு வாசலில் இரண்டு வடையும் சர்க்கரை போட்ட டீயும் சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும், சில நாள் பற்றும் விழும். நடக்காதீர்கள் என்று சொன்னதாக யாரும் வீட்டில் போய்ச் சொல்லிவிடக் கூடாது. நடை வேறு காரணத்துக்காக வேண்டும்; சொல்கிறேன். ஆனால் எடையைப் பொறுத்தவரை பெரும்பங்கு பெட்ரோல் போகும் பாதை வேறு. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே உடம்பு ஓடிக்கொண்டிருக்கிறது. இதயம், ஈரல், மூளை, சிறுநீரகம், உடல் வெப்பம் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 1,500 கிலோகலோரி என்றால் அது எழுபது, எழுபத்தைந்து வாட். சீலிங் ஃபேன் இழுக்கும் கரண்டு அது. இதுதான் உடம்பின் ஐட்லிங். நாளெல்லாம் செலவாவதில் பாதிக்கு மேல் இதிலேயே போகிறது.

இந்த ஐட்லிங்கில் யார் கையும் எட்டாத ஒரு திருகு இருக்கிறது. அமெரிக்காவில் "தி பிக்கஸ்ட் லூசர்" என்று எடை குறைக்கும் போட்டி நிகழ்ச்சி நடத்தினார்கள். அதில் கலந்துகொண்ட பதினான்கு பேரை ஆறு வருஷம் கழித்து அளந்து 2016இல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கெவின் ஹால் என்ற ஆராய்ச்சியாளரின் குழு. குறைத்த எடையில் பெரும்பகுதி திரும்ப ஏறியிருந்தது. ஆனால் உடம்பின் ஐட்லிங் மட்டும், அவர்கள் எடைக்கு இருக்க வேண்டியதைவிட ஒரு நாளைக்குச் சுமார் 500 கிலோகலோரி குறைவாகவே நின்றது. வேகமாகப் பட்டினி போட்டால் உடம்பு தானே லீன் செட்டிங்குக்குப் போய்விடுகிறது. அப்புறம் சோறு போட்டாலும் உடனே திரும்புவதில்லை. ஒரு மாதத்தில் பத்துக் கிலோ என்று போர்டு வைத்திருப்பவர்களிடம் போவதற்கு முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள். சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் விரதம் தொடங்கவே கூடாது. சர்க்கரை தடாலென்று இறங்கிவிடும்.

ஆகவே எண்ணெய் டின்னுக்கு வாருங்கள். இங்கேதான் டேங்க் கணக்கு. புது எண்ணெய் பாக்கெட்டை உடைக்கும் அன்று அதன்மேல் தேதி எழுதுங்கள். தீரும் அன்றும் எழுதுங்கள். நாலு பேர் வீட்டில் ஒரு லிட்டர் எத்தனை நாள் வந்தது? எட்டு நாளில் தீர்ந்தால் தலைக்குத் தினம் 250 கிலோகலோரிக்கு மேல் எண்ணெயிலிருந்தே. பதினாறு நாள் வந்தால் அதில் பாதி. யாரும் கலோரிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட வேண்டாம். தோசைக்கல்லில் ஊற்றும் கையைக் கரண்டியாக மாற்றினால் போதும். அடுத்தது டீ. ஒரு நாளைக்கு ஐந்து டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் சர்க்கரையிலிருந்து மட்டும் 200 கிலோகலோரி. அதை விட்டுவிட்டு வருஷக் கணக்குப் போட்டால் ஒன்பது கிலோ குறைய வேண்டும்; உடம்பு அவ்வளவையும் கொடுக்காது. எடை குறையக் குறையத் தேவையும் குறையும், முதல் வருஷத்தில் அதில் பாதி இறங்கினாலே பெரிது. ஆனால் பட்டினி கிடக்காமல் இறங்குவது அது.

வியர்வையைப் பற்றி ஒரு வார்த்தை. வயிற்றில் பிளாஸ்டிக் பெல்ட் கட்டிக்கொண்டு ஓடுகிறவர்களைப் பார்க்கிறேன். கொழுப்பு உருகி வியர்வையாக வருவதாக நினைப்பு. வருவது தண்ணீர்; இரண்டு டம்ளர் மோர் குடித்தால் முள் பழைய இடத்துக்கு வந்துவிடும். கொழுப்பு போகும் பாதையை 2014இல் ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரௌன் என்ற இருவர் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். பத்துக் கிலோ கொழுப்பு எரிந்தால் 8.4 கிலோ கார்பன் டை ஆக்ஸைடாக மூச்சில் போகிறது, 1.6 கிலோ தண்ணீராகிறது. பெட்ரோல் எரிந்து வருவதும் பெரும்பாலும் இதே இரண்டுதான். நம் சைலன்ஸர் மூக்கு. அதற்காக வேகவேகமாக மூச்சு விட்டால் எடை குறையாது, எரிந்தால்தான் புகை.

எடை பார்க்கும் மெஷினையும் அளவோடு நம்புங்கள். உப்பும் தண்ணீரும் ஒரே நாளில் ஒன்றிரண்டு கிலோவை ஏற்றி இறக்கும். அரிசியை நிறுத்தின முதல் வாரத்தில் சரசரவென்று இறங்குவது பெரும்பாலும் தண்ணீர். தினம் காலையில் பார்க்கிறவர்கள் வாரச் சராசரியைப் பாருங்கள். இல்லாவிட்டால் தையற்காரர் டேப்பை எடுத்து இடுப்பை அளங்கள். நம் ஊர் உடல்வாகுக்கு ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் எல்லை என்கிறார்கள் மருத்துவர்கள்.

நடை எதற்கு என்று சொல்கிறேன் என்றேன். சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006இல் வெளிவந்தது. சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்த ஐந்நூற்றுச் சொச்சம் பேர். நடை, உணவு மாற்றம் என்று பழக்கத்தை மாற்றிக்கொண்டவர்களிடம் மூன்று வருஷத்தில் நோய் வரும் ஆபத்து 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை சொல்லும்படி குறையவில்லை என்பதுதான் விசேஷம். முள் நகரவில்லை, உள்ளே வேலை நடந்திருக்கிறது. எடை குறையவில்லை என்று நடையை நிறுத்தினவர்கள் யாராவது இங்கே இருந்தால் நாளைக் காலையே மறுபடி தொடங்குங்கள். 2025இல் நம் நாட்டுக்கும் வந்துவிட்ட எடை குறைக்கும் ஊசி மருந்துகளைப் பற்றியும் ஒரு சீட்டு இருக்கிறது. அது டாக்டர் தீர்மானிக்க வேண்டியது. அவையும் முக்கியமாக வேலை செய்வது பசியில்தான், அதாவது உள்ளே போகும் பாதையில்.

மிச்சம் இருப்பது மேல்மாடிச் சீட்டு. உட்கார்ந்திருக்கும் ஆள் ஒருவர் நூறு வாட் அளவில் வெப்பம் வெளியிடுகிறார். இந்த அறையில் நூறு பேர் இருக்கிறோம், பத்துக் கிலோவாட். ஜன்னலையெல்லாம் திறக்கச் சொன்னது அதனால்தான். இப்போது உங்கள் மேல்மாடிக்கு வாருங்கள். பத்துக்குப் பத்து அறை. அதன் மொட்டை மாடியில் உச்சிவெயில் கொட்டுவது சுமார் ஒன்பது கிலோவாட். ஒன்றரை டன் ஏசி வெளியேற்றக் கூடிய வெப்பம் ஐந்தேகால். வெயில் முழுதும் உள்ளே இறங்காது, பாதிக்கு மேல் காற்றோடும் வானத்தோடும் போய்விடும் என்றாலும் போட்டி எப்படி என்று தெரிகிறதல்லவா?

இங்கே கைக்கு எட்டும் திருகு ஏசி ரிமோட். இருபத்தாறிலிருந்து இருபதுக்கு இறக்குகிறோம். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் ஆறு சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்கிறது. 2020 முதல் புது ஏசிகள் 24இல் தொடங்கும்படி விதியே போட்டார்கள். ஏசி இல்லாதவர்கள் ஃபேனைக் கூட்டுகிறார்கள். தலைக்கு மேலே காய்ந்த தளத்தைத் தொட்ட காற்றை அது கீழே தள்ளுகிறது.

ஏன் பகலைவிட ராத்திரி மோசமாக இருக்கிறது? ஐந்து அங்குலக் காங்கிரீட் வெயிலை உடனே உள்ளே விடாது. வாங்கி வைத்துக்கொண்டு நாலைந்து மணி நேரம் கழித்து விடும். மத்தியானம் வாங்கினதை மாலையில் தொடங்கி நீங்கள் படுக்கும்வரை இறக்குகிறது. வெயில் தாழ்ந்த பிறகு சிகிச்சை செய்கிறோம்; நோய் பதினொரு மணிக்கே உள்ளே வந்துவிட்டது. காங்கிரீட் வெப்பத்தைக் கடத்துவதில் கெட்டி. ஓர் அங்குலத் தெர்மோகோல் தடுக்கும் அளவைக் காங்கிரீட் தடுக்க வேண்டுமானால் மூன்றடிக்கு மேல் கனம் வேண்டும். நம் முன்னோர் கட்டின மெட்ராஸ் டெரஸ் கூரையில் தேக்கு உத்திரத்தின்மேல் செங்கலைக் குத்துவாக்கில் அடுக்கி, மேலே சுண்ணாம்பும் செங்கல் ஜல்லியும் இட்டு, அதன்மேல் தட்டு ஓடு பதித்தார்கள். செங்கல் காங்கிரீட்டில் ஏறக்குறையப் பாதிதான் கடத்தும். இன்றைக்கு அந்த ஜல்லியையும் ஓட்டையும் செலவென்று விட்டுவிட்டு வெறும் தளத்தோடு நிறுத்துகிறோம். மிச்சம் பிடித்த பணம் மின்கட்டணமாகப் போகிறது.

தெர்மோகோலை உள்பக்கம் ஒட்டுகிறவர்கள் நிறைய. தயவுசெய்து வேண்டாம். தீப்பிடித்தால் உருகிச் சொட்டும். புகை ஆளைக் கொல்லும். காப்பு என்பது கூடியவரை வெயிலுக்கும் தளத்துக்கும் நடுவே இருக்க வேண்டும். தளம் சூடான பிறகு உள்ளே தடுத்தால் கொஞ்சம் பலன் உண்டு, ஆனால் சூடு தளத்திலேயே தங்கியிருக்கும். மேலே பந்தல், கீற்று, பச்சை வலை, சோலார் தகடு என்று எது நிழல் கொடுத்தாலும் அதற்கும் தளத்துக்கும் நடுவே காற்று ஓட இடம் விடுங்கள். சாயங்காலம் மாடியில் தண்ணீர் தெளிப்பது பழைய வழக்கம். அதில் அறிவியல் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாகும்போது 580 கிலோகலோரி அளவு வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும். வியர்வை நமக்குச் செய்வதும் அதே வேலை. திருச்சியிலும் வேலூரிலும் நன்றாக எடுபடும். கடலோரத்துப் புழுக்கத்தில் அவ்வளவு ஆவியாகாது. தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் தெருவில் அதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே இருப்பவர்களுக்கு முதலில் ஒன்று: அதில் துளை போடாதீர்கள், அதை அறுக்காதீர்கள், தேய்க்காதீர்கள். தூளாகப் பறக்கும் இழை நுரையீரலில் தங்கிப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். மேலே கீற்றுப் பரப்பலாம். உள்ளே ஒரு முழம் இடைவெளி விட்டுப் பாய் கட்டி, அந்த இடைவெளியின் இரண்டு ஓரமும் திறந்திருக்கும்படி விட்டால் சூடான காற்று வெளியேறும்.

எல்லோருக்கும் கட்டுப்படியாகும் ஒன்று வெள்ளை. பழைய காங்கிரீட் வெயிலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் வாங்கிக்கொள்ளும். புதிதாக அடித்த சுண்ணாம்பு ஐந்தில் நாலு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். வருஷா வருஷம் தூசியும் பாசியும் அந்தப் பலனைத் தின்றுவிடுவதால் வருஷா வருஷம் அடிக்க வேண்டும். கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி வடிகட்டிக் கொஞ்சம் பசை சேர்த்து, தளத்தைக் கழுவி ஈரம் இருக்கும்போதே, குறுக்கே ஒரு கை, நெடுக்கே ஒரு கை. நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை போகும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், குழந்தைகளை மாடிக்கு விடாதீர்கள்.

எப்போது அடிப்பது என்று ஒரு சீட்டில் கேட்டிருக்கிறார் ஓர் அம்மா. பலர் கத்திரி தொடங்கின பிறகு, மே மாதம் பெயின்ட் கடைக்குப் போகிறார்கள். சூரியன் நேர் உச்சிக்கு வருவது அதற்கு முன்னாலேயே: கன்னியாகுமரிப் பக்கம் ஏப்ரல் இரண்டாம் வாரம், சென்னையில் ஏப்ரல் கடைசி வாரம். ஆகஸ்ட் பிற்பாதிக்கும் செப்டம்பர் தொடக்கத்துக்கும் நடுவே திரும்ப ஒரு முறை வரும். ஆகையால் மாசி முடிவதற்குள் அடித்துவிடுங்கள் அம்மா. வாடகை வீடாக இருந்தால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடியுங்கள்; சுண்ணாம்புச் செலவுக்கு அவர் பெரும்பாலும் மறுக்கமாட்டார்.

கூட்டத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். பதில் சொல்லாத சீட்டுகள் இன்னும் ஐந்தாறு இருக்கின்றன. பெரும்பாலும் புல்லட்டைப் பற்றியவை. அவற்றை வெளியே வண்டி நிறுத்தியிருக்கும் இடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.